பள்ளியில் ரேடான் சோதனை நடந்ததாம், எண்ணை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்

பதிவு 1 | செல்வி_அயோவா

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், அயோவாவின் டெமாயின் நகரத்துப் பக்கம். பையன் மூன்றாம் வகுப்பு, பெண் கிண்டர்கார்டன். போன மாதம் பள்ளியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ரேடான் சோதனை நடக்கிறதாம். மண்ணிலிருந்து கசிந்து கட்டடத்துக்குள் தேங்கும் கதிரியக்க வாயுவாம் அது. செவ்வாய் முதல் வெள்ளி வரை வகுப்பறை ஜன்னல்களைத் திறக்க மாட்டார்களாம், அங்கே வைத்திருக்கும் டப்பாவைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்ப வேண்டுமாம். பையன் வந்து, "அம்மா, அலமாரி மேல ஷூ பாலிஷ் டப்பா மாதிரி ஒண்ணு திறந்து வச்சிருக்காங்க. உள்ள கரிதான் இருக்கு. அதைத் தொட்டா பிரின்சிபால் ரூமாம்" என்றான்.

அப்புறம் மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. நேற்று இரண்டு வரியில் கடிதம்: சோதனை முடிந்தது, சில அறைகளில் மறுசோதனை நடக்கும், சட்டப்படி செய்ய வேண்டியது செய்யப்படும். எந்த அறை, எவ்வளவு என்று ஒன்றுமே இல்லை. போன் செய்தால் எடுத்தவர் மாவட்ட அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார். அங்கே கேட்டால் பள்ளியைக் கேளுங்கள் என்றார்கள்.

உண்மையிலேயே இதற்குச் சட்டம் இருக்கிறதா? அறைவாரியாக எண்ணைக் கேட்டால் தரத்தான் வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதிவு 2 | மூர்த்தி_மினசோட்டா

செல்வி, பள்ளிக் கட்டடங்களின் ஹீட்டர், ஏசி வேலையில்தான் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் மத்திய அரசு. 1984 டிசம்பரில் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர், இன்னும் மின் உற்பத்தி தொடங்காத லிமரிக் அணுமின் நிலையத்துக்குள் நுழையும்போது கதிர்வீச்சு அலாரம் அடித்தது. கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வீட்டில் அளந்தால் ஒரு லிட்டர் காற்றுக்கு சுமார் 2,700 பிக்கோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). அதன் பிறகுதான் வாஷிங்டன் விழித்துக்கொண்டது. 1988-இல் உள்ளக ரேடான் குறைப்புச் சட்டம் வந்தது. வீட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைப் போல இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது, பள்ளிகளை ஆய்வு செய்யச் சொன்னது. ஆனால் எந்தப் பள்ளியும் கட்டாயம் அளக்க வேண்டும் என்று சொல்லவில்லை. லிட்டருக்கு 4 பிக்கோகியூரி வந்தால் சரிசெய்யுங்கள் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்வதும் பரிந்துரைதான். இன்று வரை அப்படித்தான்.

அந்த ஆய்வின் முடிவு 1993-இல் வந்தது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பள்ளியில் ஒரு அறையாவது 4-ஐத் தாண்டியது. ஆனால் அறைக்கணக்கில் பார்த்தால் 2.7 சதவீதம்தான், எழுபதாயிரம் அறைகளுக்கு மேல். இதைக் கவனியுங்கள். பள்ளி மொத்தமும் கெட்டுக்கிடப்பது அபூர்வம், பக்கத்துப் பக்கத்து அறைகளுக்குள்ளேயே எண் தலைகீழாக மாறும். அதனால் 'பள்ளியின் சராசரி' என்று யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் மாநிலம். அயோவாவில் 2022-இல் சட்டம் போட்டார்கள். அரசுப் பள்ளி மாவட்டங்கள் ஒவ்வொரு பள்ளியையும் 2027 ஜூலை 1-க்குள் சோதிக்க வேண்டும், அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுசோதனை, இரண்டின் சராசரியும் 4-ஐத் தொட்டால் சரிசெய்யும் திட்டம். பாதி மாநிலங்களுக்கு மேல் இந்த அளவுகூடக் கிடையாது.

எண்ணைக் கேட்பதற்கு ரேடான் சட்டத்தைப் புரட்ட வேண்டாம். அயோவாவின் பொது ஆவணச் சட்டம், 22-ஆம் அத்தியாயம், அது போதும். "அறை எண், கருவி வைத்த தேதி, எடுத்த தேதி, அளவு, ஆய்வகத்தின் அறிக்கை" என்று எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டால் பந்தாடத்தான் செய்வார்கள்.


பதிவு 3 | ராஜேஷ்_ஆஸ்டின்

மன்னிக்கவும், நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். பூமி உண்டான நாளிலிருந்து மண்ணில் யுரேனியம் இருக்கிறது. நம் தாத்தா மண் தரையில் படுத்துத் தொண்ணூறு வயது வரை இருந்தார். இப்போது திடீரென்று டப்பா விற்பவனும் ரேடானை வெளியேற்றக் குழாய் போடுபவனும் சேர்ந்து பயமுறுத்துகிறார்கள். 1980-களில் ஆஸ்பெஸ்டாஸ், அப்புறம் ரேடான், அப்புறம் பூஞ்சை. பள்ளிக்கு வரும் பணம் ஆசிரியருக்குப் போக வேண்டுமா, காற்றாடிக்கா?


பதிவு 4 | வித்யா_புள்ளியியல்

ராஜேஷ், தாத்தா படுத்த திண்ணைக்கு நாலு பக்கமும் காற்று. அயோவாவில் ஜனவரியில் மைனஸ் இருபதில் கதவைச் சாத்தி ஹீட்டர் போட்டால் வீடே ஒரு புகைபோக்கி மாதிரி ஆகிவிடும். சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழே மண்ணிலிருந்து உறிஞ்சும். தாத்தாவை இதில் இழுக்காதீர்கள்.

டப்பா வியாபாரிகளுக்கு வெகு முன்பே கதை ஆரம்பித்துவிட்டது. ஜெர்மனியின் ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளிகளின் மர்ம நோய் நுரையீரல் புற்றுதான் என்று 1879-இலேயே எழுதிவிட்டார்கள். 1988-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடானை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் சேர்த்தது.

'சுரங்கம் வேறு, வீடு வேறு' என்ற வாதத்துக்குப் பதில் சொன்ன ஆய்வுகளில் ஒன்று செல்வியின் மாநிலத்திலேயே நடந்தது. அயோவா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃபீல்டு குழு, ஒரே வீட்டில் இருபது வருடமாவது இருந்த பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டு 2000-இல் வெளியிட்டது. 4 பிக்கோகியூரி அளவில் பதினைந்து வருடம் இருந்தால் நுரையீரல் புற்று ஆபத்து சுமார் பாதி கூடுகிறது என்றது.

ஆனால் பயத்தையும் அளந்துதான் பட வேண்டும். 2005-இல் சாரா டார்பி குழு ஐரோப்பாவின் 13 ஆய்வுகளை ஒன்றாக்கியது, 7,148 நோயாளிகள். ஒரு கன மீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் (ஐரோப்பாவில் புழங்கும் கதிரியக்க அலகு) கூடும்போது ஆபத்து 16 சதவீதம் கூடுகிறது. (உங்கள் ஊர் 4 பிக்கோகியூரி என்பது 148 பெக்கரல்.) புகைக்காதவருக்கு 75 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு ரேடானே இல்லாவிட்டால் 0.4 சதவீதம், 400 பெக்கரலில் வாழ்ந்தால் 0.7. புகைப்பவருக்கோ 10-லிருந்து 16. ஒரு வருடம் அந்த வகுப்பில் உட்கார்ந்ததால் பிள்ளைக்கு நாளைக்கே ஒன்றும் ஆகாது செல்வி. மெதுவாகச் சேரும் கணக்கு இது. அதனால்தான் தனி ஆள் கவலைப்படுவதைவிட அரசு விதி போடுவது பொருத்தம்.


பதிவு 5 | ஆனந்தி_டப்ளின்

அயர்லாந்தில் இதை வேறு மாதிரி செய்தார்கள். இங்கே பள்ளியில் வேலை பார்ப்பதால் கொஞ்சம் தெரியும். 1998 முதல் 2004 வரை கல்வித் துறையும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க 3,800-க்கும் மேற்பட்ட பள்ளிகளை அளந்தன. பள்ளியாகப் பார்த்து விருப்பப்பட்டால் செய்யலாம் என்று விடவில்லை, அரசே வந்தது. 200 பெக்கரலுக்கு மேல் போனால் நடவடிக்கை. 400 வரை காற்றோட்டத்தைக் கூட்டினார்கள், அதற்கு மேல் என்றால் தரைக்கடியில் குழி எடுத்து ஃபேன் வைத்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே பள்ளி என்பது ஆசிரியர்களின் பணியிடமும்தானே. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 உத்தரவுப்படி பணியிடத்துக்கு 300 பெக்கரல் எல்லை, ரேடான் அதிகமுள்ள பகுதி என்றால் முதலாளி அளந்தே தீர வேண்டும். ஆக, டீச்சரைக் காப்பாற்றப் போட்ட விதியின் நிழலில் பிள்ளைகளும் நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு என்று தனிச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவைப்படவில்லை.


பதிவு 6 | மூர்த்தி_மினசோட்டா

ஆனந்தி சொன்ன அதே பணியிட வழி அமெரிக்காவில் அடைபட்டுக் கிடக்கிறது. இங்கே தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் ரேடான் எல்லை 1971-ஆம் வருடப் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது: லிட்டருக்கு 100 பிக்கோகியூரி, வாரம் நாற்பது மணி நேரச் சராசரி. வீட்டுக்குச் சொல்வது 4, வேலை இடத்துக்கு 100. டீச்சர் வீட்டில் 10 இருந்தால் உடனே சரிசெய் என்கிறார்கள், அவர் வகுப்பில் 90 இருந்தாலும் அந்த விதிப்படி தப்பில்லை.


பதிவு 7 | குகன்_ஸ்கார்பரோ

கனடாவிலும் சட்டம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வழிகாட்டல்தான். 2007 வரை, 800 பெக்கரலைத் தாண்டாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், அந்த வருடம் ஒரேயடியாக 200-க்கு இறக்கினார்கள். 2006-இல் 'பாதுகாப்பு' என்று எழுதிக் கொடுத்த கட்டடம் அடுத்த வருடம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் மாகாணத்தின் பொறுப்பு என்று மத்தி சொல்லும், மாகாணம் பள்ளிச் சபையைக் காட்டும்.

எனக்கு இதைவிடக் கவலை எங்கள் ஆட்களின் பேஸ்மென்ட்தான். புதிதாய் வந்த மாணவர்கள், பெடியள், அதிலேயே நாலைந்து வருடம் படுத்து எழும்புகிறார்கள். வாடகை எவ்வளவு, தனி வாசல் இருக்கிறதா என்று கேட்பார்கள். ரேடான் அளந்ததா என்று கேட்ட ஒருவரோடும் நான் இதுவரை கதைத்ததில்லை.


பதிவு 8 | செல்வி_அயோவா

எல்லோருக்கும் நன்றி. மூர்த்தி அண்ணா சொன்னபடி எழுத்தில் கேட்டுவிட்டேன்.

ஒரு சின்ன சந்தேகம். சோதனை நாளில் ஜன்னலை மூடச் சொன்னார்கள். மற்ற நாளில் திறந்துதானே இருக்கும்? அப்படியென்றால் வேண்டுமென்றே எண்ணைக் கூட்டிக் காட்டுகிறார்களா, இல்லை வேறு ஏதாவதா?


பதிவு 9 | மூர்த்தி_மினசோட்டா

மூடி வைப்பது சரிதான். சோதனைக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பிருந்தே மூட வேண்டும். மோசமான நிலைமையில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் நோக்கம், உங்கள் ஊரில் ஐந்து மாதம் ஜன்னல் மூடித்தான் இருக்கும். ஏமாற்று நடப்பதென்றால் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கும்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், ஊர் வேண்டாம். ஒரு பள்ளியில் மின்செலவைக் குறைக்க மாலை ஐந்து மணிக்கு வெளிக்காற்று ஃபேன்களை நிறுத்திவிடுவார்கள், காலை ஏழரைக்குப் போடுவார்கள். மணிக்கு மணி பதியும் கருவி வைத்தோம். ராத்திரி முழுக்கக் கோடு ஏறிக்கொண்டே போய், அதிகாலை ஆறுக்கு 11-இல் நின்றது. ஃபேன் ஓட ஆரம்பித்ததும் பத்தரைக்குள் 3-க்கு வந்தது. திங்கட்கிழமை காலை இன்னும் உயரம், சனி ஞாயிறு இரண்டு நாளும் தேங்கியதல்லவா. கரி டப்பா இதையெல்லாம் கலந்து ஒரே எண்ணாகத் தரும். பிள்ளைகள் உண்மையில் சுவாசித்தது அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அங்கே தீர்வு ரொம்பச் சுலபமாக இருந்தது. ஃபேனை ஐந்தரைக்குப் போடச் சொன்னோம். ஆனால் அதையே தலைகீழாகவும் செய்யலாம். சோதனை நடக்கும் நாலு நாளும் இரவு பகலாக ஃபேனை ஓடவிட்டால் எண் அழகாக வரும். அதனால் சோதனை நாட்களில் ஃபேன் வழக்கமான நேரப்படிதான் ஓடியதா என்றும் கேளுங்கள்.


பதிவு 10 | நாகர்கோவில்_பாபு

நடுவில் ஒரு கேள்வி. எங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கதிர்வீச்சு அதிகம் என்று சின்ன வயதிலிருந்தே கேள்விப்படுகிறோம். அங்கேயும் பள்ளிகள் இருக்கின்றன. அதுவும் இந்தக் கதைதானா?


பதிவு 11 | வித்யா_புள்ளியியல்

உறவு உண்டு, ஆனால் அதே கதை இல்லை. உங்கள் மணலில் மோனசைட் என்ற கனிமம், அதில் முக்கியமாகத் தோரியம் என்ற கதிரியக்க உலோகம். தோரியத்திலிருந்து வருவது தோரான், ரேடானின் தம்பி. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் நேரம், 55 நொடி சொச்சம்தான். ரேடானுக்கு 3.8 நாள், அதனால் மண்ணின் ஆழத்திலிருந்து ஏறி வந்து அறையில் தேங்க நேரம் இருக்கிறது. தோரான் வரும் வழியிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும், சுவரையும் தரையையும் ஒட்டித்தான் இருக்கும். அப்புறம் உங்கள் ஊர்ப் பள்ளியில் ஜன்னலை யார் மூடுகிறார்கள்? பக்கத்தில் கேரளாவின் கருநாகப்பள்ளியில் மக்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வந்தது. மண்ணிலிருந்து வரும் காமா கதிர்வீச்சால் புற்று கூடியதாக அதில் தெரியவில்லை. ஆனால் அது வெளிக் கதிர்வீச்சைப் பற்றியது, மூச்சில் போவதைப் பற்றியது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.


பதிவு 12 | செல்வி_அயோவா

அறிக்கை வந்துவிட்டது! ஆறு பக்கம். தரைத்தளத்திலும் அதற்குக் கீழேயும் மொத்தம் 23 அறை. இருபத்தொன்றில் பிரச்சினை இல்லை, பெரும்பாலும் 1, 2 என்றுதான் இருக்கிறது. மாட்டியது இரண்டு.

கீழே இருக்கும் மியூசிக் அறை: முதல் சோதனை 9.8, மறுசோதனை 7.4. சராசரி 8.6.

என் பெண்ணின் கிண்டர்கார்டன் அறை: முதலில் 4.4, மறுசோதனையில் 3.1. சராசரி 3.75. அந்த வரிக்கு நேரே 'நடவடிக்கை தேவையில்லை' என்று அச்சடித்திருக்கிறது.

நான் அந்த 3.75-ஐத்தான் அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் எண்ணோடு விட்டிருந்தால் அறை தோற்றிருக்கும். இரண்டாவது எண் வந்ததும் பட்டியலை விட்டே போய்விட்டது. ஐந்து வருடம் கழித்து மறுபடி அளக்கும்போது அவள் ஐந்தாம் வகுப்பில் இருப்பாள்.


பதிவு 13 | ஆனந்தி_டப்ளின்

3.75 என்றால் சுமார் 139 பெக்கரல். இங்கேயும் அந்த அறை தப்பித்திருக்கும், எங்கள் எல்லை 200. ஆனால் உலக சுகாதார அமைப்பு 2009 கையேட்டில் முடிந்தால் 100 என்றுதான் சொன்னது. முடியாவிட்டாலும் 300-ஐத் தாண்டக் கூடாது என்றது. நிறைய நாடுகள் அந்த 'முடியாவிட்டால்' என்பதைப் பிடித்துக்கொண்டன.


பதிவு 14 | மூர்த்தி_மினசோட்டா

செல்வி, 4 என்பது மருத்துவம் போட்ட கோடு இல்லை. எண்பதுகளில் வீடுகளைச் சரிசெய்யும் தொழில்நுட்பம் எங்கே வரைக்கும் நிச்சயமாக இறக்க முடியும் என்று பார்த்துப் போட்டது. 2-க்கும் 4-க்கும் நடுவில் இருந்தாலும் சரிசெய்வதை யோசியுங்கள் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே எழுதியிருக்கிறது, சட்டத்தில்தான் அந்த வரி ஏறவில்லை. நாலு நாள் கரி டப்பா இரண்டு தடவை வைத்து 4.4, 3.1 என்று வந்தால் அந்த அறையைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம். நீண்டகாலச் சோதனை கேளுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் வில்லை, தொண்ணூறு நாளுக்கு மேல் தொங்கும். விலை அதிகமில்லை. அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.


பதிவு 15 | ராஜேஷ்_ஆஸ்டின்

முன்னால் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், சரி. ஆனால் ஒரு கணக்குப் போட்டேன், பாருங்கள். அயோவாவில் பள்ளி நேரம் வருடத்துக்குக் குறைந்தது 1,080 மணி. வருடத்தில் மொத்தம் 8,760 மணி. பெண் அந்த 3.75-இல் இருப்பது எட்டில் ஒரு பங்கு நேரம்தான். அயோவா வீடுகளின் சராசரியே 8.5 என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறை சொல்கிறது. வீட்டில் ஐயாயிரம் மணி நேரம் என்று வையுங்கள், பள்ளியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வருகிறது. செல்வி, பள்ளியோடு சண்டை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டை அளந்தீர்களா?


பதிவு 16 | செல்வி_அயோவா

...இல்லை.

டப்பா வாங்கியாகிவிட்டது. பேஸ்மென்டில்தான் பையன் படுக்கிறான், சனிக்கிழமை பரதநாட்டியம் கிளாசும் அங்கேதான்.


பதிவு 17 | செல்வி_அயோவா

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எங்கள் பேஸ்மென்ட் 11.2. ராஜேஷ், உங்களைத் திட்டிக்கொண்டே நன்றியும் சொல்லிக்கொள்கிறேன். பையனை மாடிக்கு மாற்றிவிட்டோம், நடனம் வரவேற்பறைக்கு வந்துவிட்டது, சோபா எல்லாம் சுவரோரம். குழாய் போடும் ஆள் வியாழன் வருகிறார்.

பள்ளி மாவட்டக் கூட்டத்திலும் பேசினேன். ஆளுக்கு மூன்று நிமிடம். ஐரோப்பா, உலக சுகாதார அமைப்பு எதையும் எடுக்கவில்லை. அறை எண்ணையும் நாலு எண்களையும் வாசித்தேன், கிண்டர்கார்டன் அறைக்கு நீண்டகாலச் சோதனை வேண்டும் என்றேன். ஒரு உறுப்பினர், "மற்ற பெற்றோருக்கு இந்த அறிக்கை போகவில்லையா?" என்று கண்காணிப்பாளரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார். அடுத்த நாள் மாலை அது மாவட்ட இணையதளத்தில் ஏறிவிட்டது. நீண்டகாலச் சோதனைக்கு "பரிசீலிக்கிறோம்". மியூசிக் அறைக்குக் கோடை விடுமுறைக்கு முன்பே குழாய் வருமாம்.


பதிவு 18 | மூர்த்தி_மினசோட்டா

நல்லது. வீட்டுக்கும் பள்ளிக்கும் சேர்த்து ஒரு வேலை சொல்கிறேன். தரையைத் துளைத்துக் குழாய் இறக்கி, ஃபேன் வைத்துக் கூரைக்கு மேலே விடுவார்கள். அந்தக் குழாயில் கண்மட்டத்தில் ஒரு சின்ன 'யு' வடிவ பிளாஸ்டிக் குழல் ஒட்டியிருக்கும், உள்ளே கலர் திரவம். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி இருந்தால் ஃபேன் இழுக்கிறது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் ஃபேன் செத்துவிட்டது. அடுத்த சோதனை ஐந்து வருடம் கழித்துத்தான், ஃபேன் இரண்டாம் மாதமே நின்றாலும் யாரும் கவனிக்காமல் போகலாம். பள்ளியில் அதை யார் பார்ப்பது, எந்த நோட்டில் எழுதுவது என்று கேட்டு வாங்குங்கள்.


பதிவு 19 | செல்வி_அயோவா

வீட்டுக் குழாய் போட்டாகிவிட்டது, மறுசோதனை 1.4. பள்ளியிலும் மே மாதம் முடித்துவிட்டார்கள். யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பையனுக்கு வீட்டுக் குழலைக் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தேன். செவ்வாயும் வியாழனும் அவனுக்கு மியூசிக். இன்று வந்ததும் பையைக்கூட இறக்காமல், "அம்மா, செவப்புத் தண்ணி ஒரு பக்கம் ஏறித்தான் இருக்கு. ஆனா டீச்சர் அதுக்கு முன்னாடி டிரம் அடுக்கி வச்சிட்டாங்க, எட்டிப் பாத்தாத்தான் தெரியுது" என்றான்.